புள்ளி அளவீட்டில் வெளுத்த முகம்

நகரப் பேருந்து ஓட்டும் அந்தப் பெண்மணியின் ஓட்டுநர் உரிமம் மறுநாள் காலாவதியாக இருந்தது. அதற்குள் புதுப்பிக்காவிட்டால் அவருடைய வண்டி வேறொருவர் கைக்குப் போய்விடும்; மீண்டும் கிடைப்பது குதிரைக்கொம்பு. குறுக்கே நின்றதோ கையகலப் புகைப்படம் ஒன்று.

முதல் படத்தை ஸ்டுடியோக்காரர் முழுச்சட்ட அளவீட்டில் எடுத்தார். எதிரில் உள்ள அனைத்தின் ஒளியையும் சேர்த்துச் சராசரி பார்க்கும் முறை அது. பின்னால் தொங்கிய வெள்ளைத் திரையே சட்டத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டதால், வெளிச்சம் மிகுதி என்று கேமரா முடிவு கட்டி ஒளியைக் குறைத்தது. திரை சாம்பல் நிறமாயிற்று. ஓட்டுநரின் கரிய முகத்தில் கண்ணும் மூக்கும் காணாமற்போயின. உரிம அலுவலக அதிகாரி, முகமே தெரியவில்லை என்று திருப்பியனுப்பினார்.

அடுத்த முறை ஸ்டுடியோக்காரர் புள்ளி அளவீட்டுக்குத் தாவினார். நடுவிலுள்ள சிறு வட்டத்தை மட்டும் அளக்கும் அம்முறையில், வட்டத்தைக் கன்னத்தின்மேல் வைத்தார். அளந்த இடம் எதுவாயினும் அதை நடுத்தரச் சாம்பலாகக் காட்டுவதே கேமராவின் வேலை. எனவே கரிய கன்னத்துக்கு ஒளியை வாரி இறைத்தது. அம்மையார் வெளுத்துப்போனார்.

வீட்டில் ஒரே கொண்டாட்டம். அப்படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்றார் மாமியார்.

“கல்யாணத்துக்கு முன்னாடியே நீ இந்த ஸ்டுடியோவுக்குப் போயிருக்கலாம்,” என்றார் கணவர்.

“போயிருந்தா எனக்கு வேற மாப்பிள்ளை கிடைச்சிருப்பாரு.”

அதிகாரியோ படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தங்கையின் படத்தைக் கொண்டுவந்து நீட்டினால் எப்படி என்று கடிந்துகொண்டார். ஓட்டுநருக்குத் தங்கையே கிடையாது.

அலுவலகம் மூடுவதற்குள் திரும்பியாக வேண்டும். சீருடையோடு விறுவிறுவென்று ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார்.

“என் மூஞ்சிய இருக்கிறபடியே எடுக்கத் தெரியுமா, தெரியாதாண்ணே?”

“தெரியாம என்னம்மா? உங்க சட்டை சாம்பல் கலரு. அதுமேலயும் இதே வெளிச்சந்தான் விழுது. வட்டத்தச் சட்டை மேல வச்சு அளந்து, அந்த அளவ மாத்தாம எடுத்தா கருப்பு கருப்பா வரும், வெள்ளை வெள்ளையா வரும்.”

“பின்ன ஏன் எடுக்கல?”

“அப்படி எடுத்தா மறுபடி யாரும்மா இந்தப் பக்கம் வருவாங்க?”

கேமராவை நொந்து என்ன பயன்? அதற்குப் புத்தியில்லை என்பதாவது ஒரு சமாதானம். புத்தியுள்ளவர்கள் அனைத்தையும் அறிந்துகொண்டே ஊர்முழுதையும் வெளுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரும் காசு கொடுத்து வாங்கிச் செல்கிறது!

ஸ்டுடியோக்காரர் சட்டையின் ஒளியை அளந்து படமெடுத்தார். முகம் முகமாகவே வந்தது. எங்கே எடுத்தது என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அதிகாரி இம்முறை நெடுநேரம் பார்க்கவில்லை.

“ஆள் நீங்கதான், சந்தேகமே இல்ல,” என்று பேனாவைத் திறந்தவர், சற்று நிறுத்தினார். “ஆனா, இன்னும் கொஞ்சம் கலரா எடுத்திருக்கலாமேம்மா.”

“கையெழுத்தப் போடுங்க சார்,” என்றார் ஓட்டுநர். “வண்டிக்கு நேரமாச்சு.”