குழாய் போன வழி

“என் பாத்ரூம மட்டும் விட்டுருங்க தம்பி,” என்றாள் வடிவம்மா.

பொறியியலாளர் தனேஸ்வரன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பதுளை ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கென்று எந்தக் காலத்திலோ கட்டிய மாடிக் குடியிருப்பு அது. இடிக்காமல், இருப்பதை வைத்தே திருத்துகிறார்கள். பழைய ஜன்னல் மரங்களை இழைத்துத் திரும்பப் பூட்டுகிறார்கள், கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கிறார்கள், வெயிலில் சுடுதண்ணீர் வருமாம். குடியிருப்பில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். இவள் ஒருத்திதான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

“எப்டிங்கக்கா விடுறது? ஒழுகுறதே அங்கதானே. கீழ்வீட்டு ஸகீனாக்கா அதத்தான் மொதல்ல செய்யச் சொன்னாங்க.”

சொல்லிவிட்டாளா? சொல்லுவாள், ஏன் சொல்லமாட்டாள்!

ஒரே வார்டில் வேலை பார்த்து, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் இரண்டு பேரும். வடிவம்மாவுக்குப் பிள்ளை இல்லை. ஸகீனாவின் மகள் ஜிப்னா பாதி நாள் இவள் மடியில்தான் வளர்ந்தாள். அந்த ஜிப்னாவின் கல்யாணத்துக்கு முதல் நாள், வடிவம்மா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோனாள். உளுத்த குழாய் வழியே ஒழுகிய தண்ணீர், கீழே ஸகீனாவின் குசினியில் புரியாணிச் சட்டிக்குள்ளேயே விழுந்தது. சம்பந்தி வீட்டார் முன்னால் ஸகீனாவுக்கு மானம் போயிற்று. “ஒங்கட அழுக்குத் தண்ணியயா நாங்க திங்கிற?” என்று கேட்டுவிட்டாள். “ஒன் சோறு இல்லாட்டி நான் ஒண்ணும் செத்துற மாட்டேன்,” என்று இவளும் கதவைச் சாத்தினாள். கல்யாணத்துக்கு எடுத்த புடவை மடிப்புக் கலையாமலே கிடந்தது.

அதன்பிறகு இத்தனை வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது, படியில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தண்ணீர் சொட்டினால் ஸகீனா விளக்குமாற்றுக் கட்டையால் கீழிருந்து தட்டுவாள். வடிவம்மா குழாயை மூடுவாள். உள்ளதைச் சொன்னால், தட்டட்டும் என்றே சில நாள் அவள் குழாயை இறுக்காமல் விட்டதுண்டு. வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்கும். ஆனால் தனியாகக் கிடக்கிற மனுஷிக்கு, நம்மை ஒருத்தி திட்டிக்கொண்டாவது இருக்கிறாள் என்பது சின்ன விஷயமா? குழாயைத் திருத்தி இனி அதுவும் இல்லை என்றால் எப்படி இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வேலை தொடங்கியது. பழைய குழாயைப் பிடுங்கியதும், தரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை விழுந்தது. வேலைக்காரர்கள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் வடிவம்மா எட்டிப் பார்த்தாள். கீழே அடுப்படியில் நின்ற ஸகீனா அண்ணாந்து பார்த்தாள். முன்நெற்றி முடி நரைத்திருந்தது. இவளுக்கும் நரைத்திருந்தது.



“தூசு விழுதா?” என்றாள் வடிவம்மா.

“விழுந்தா விழட்டும்.”

“பலகை போட்டு மூடட்டா?”

“வேணாம்,” என்றாள் ஸகீனா. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “ஜிப்னா வந்தீக்கிறா. புள்ளயோட.”

“ராத்திரி அழுற சத்தம் கேட்டுச்சு. ஆணா பொண்ணான்னுதான் தெரியல.”

“பொம்புளப் புள்ள.”

“யாரு மாதிரி?”

ஸகீனா உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி வந்து, ஓட்டைக்கு நேர் கீழே நின்று, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள். அது ஜிப்னாவேதான். அதே மூக்கு, அதே முறைப்பு. வடிவம்மாவுக்குக் கண் கரித்தது.

படியில் ஆட்கள் ஏறி வந்தார்கள். “அக்கா, கொஞ்சம் எந்திரிங்க. மூடிறணும், கலவ காஞ்சிரும்,” என்றான் ஒருவன்.

“இருப்பா,” என்று வடிவம்மா ஈரத் தரையில் குப்புறப் படுத்து, ஓட்டைக்குள் தோள்வரை கையை விட்டாள். குழந்தையின் விரல்கள் விரிந்து மூடின. ஒரு சாண் எட்டவில்லை. கலவை வாளியோடு அவன் காத்து நின்றான். கீழே ஸகீனா, குழந்தையை இடுப்பில் இறக்கிக்கொண்டு, காலால் ஸ்டூலை இழுக்கத் தொடங்கினாள்.