மடங்காத முழங்கால்

சுந்தரமூர்த்தி தம்பியின் வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து முழங்காலை மடக்கப் பார்த்தார். கொஞ்சம் மடங்கியது, அப்புறம் நின்றுவிட்டது. கூட இருந்த பங்காளிகள் இருவர் தொடையை அழுத்திக்கொள்ள, மறுபடி தள்ளினார். உள்ளே எலும்போடு எலும்பு உரசி நறநறவென்று சத்தம் வந்ததே ஒழிய, கால் ஒரு விரற்கடைகூட வரவில்லை.

"சீக்கிரம் ஆவட்டும். வெறச்சுப் போச்சுன்னா அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் ஒரு பங்காளி.

தம்பி ரத்தினசாமி விடியற்காலையில்தான் போயிருந்தார். மார் அடைக்கிறது என்றார். மனைவி கமலவேணி சுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. உயிரோடு இருந்த நாளில் யாரையும் காக்க வைக்காத மனுஷன், சாவிலும் வைக்கவில்லை. அழ வேண்டிய பெண்கள் எல்லாரும் வந்து அழுதுகொண்டிருந்தார்கள். கமலவேணிக்குத்தான் அழுகை வரவில்லை. அவள் கண் அந்த முழங்காலை விட்டு நகரவில்லை.

அவர்கள் வீரசைவக் குடும்பம். எரிப்பதும் கிடையாது, படுக்கவைத்துப் புதைப்பதும் கிடையாது. செத்தவரைச் சம்மணம் போட்டு உட்காரவைத்து, கழுத்தில் கிடந்த லிங்கத்தை இடது உள்ளங்கையில் வைத்து, விபூதியும் வில்வமும் உப்பும் கொட்டி மூடுவார்கள். ஆம்பூரில் பாலாற்றங்கரையில் அதற்கென்று ஒரு துண்டு நிலம் இருந்தது. அங்கே போன அத்தனை பேரும் சம்மணம் போட்டுத்தான் போயிருக்கிறார்கள். ரத்தினசாமியோ சம்மணம் போட்டு வருஷக்கணக்காகிறது. சாப்பாடு, தூக்கம் வராத ராத்திரி எல்லாம் அவருக்கு ஸ்டூல்தான். பந்தியில் உட்கார முடியாது என்பதற்காகவே கல்யாணங்களுக்குப் போவதை விட்டிருந்தார்.

மீசை முளைக்கும் முன்னாலேயே ஆவாரம்பட்டை மண்டிக்கு மூட்டை தூக்கப் போனவர் அவர். ஊரிலுள்ள தோல் பதனிடும் ஷாப்புகளுக்கெல்லாம் போன பட்டையில் பாதியாவது அவர் தலைமேல் ஏறித்தான் போயிருக்கும். நாற்பதைத் தாண்டியதும் இரண்டு முழங்காலும் வீங்கத் தொடங்கின. அண்ணன் சுந்தரமூர்த்திக்கு அது வெறும் வாதம். மடக்கி மடக்கிப் பழக்கினால் சரியாகும், இவன் சொகுசு பார்க்கிறான் என்பார். சொன்னதோடு நில்லாமல் ஒருநாள் எங்கிருந்தோ எலும்பு வைத்தியர் ஒருவரைக் கூட்டிவந்தார். வைத்தியர் காலை மடக்க, அண்ணன் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ரத்தினசாமி போட்ட கூச்சலில் தெருவே வாசலில் கூடிவிட்டது. அதற்கப்புறம் மழைக்காலம் முழுக்க அவர் எழுந்திருக்கவில்லை. இனி இந்தக் காலில் எவன் கையும் படக்கூடாது என்று கமலவேணி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

நயா பைசா வந்த புதுசில், யாரிடமும் கேட்காமல் அவளே அவரை பஸ்ஸில் ஏற்றி வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பைக் கல் என்று நினைக்காதீர்கள், அதற்குள் உயிர் இருக்கிறது என்றார். கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களில் ஒரு வகை பழைய எலும்பை அரித்தெடுக்குமாம், இன்னொரு வகை புதிதாகக் கட்டுமாம். இவ்வளவு வருஷம் பாரம் ஏறியதில் கட்டுகிறவை ஓயாமல் கட்டி, மூட்டு மெத்தைக்கு அடியிலிருந்த எலும்பு தடித்து இறுகிவிட்டது. அந்த இறுக்கத்தின் மேல் கிடந்து மெத்தை நைந்துபோயிற்று. போதாததற்கு ஓரமெல்லாம் எலும்பு முள் முளைத்துக் கதவுக்கு ஆப்பு வைத்தது மாதிரி தடுக்கிறது. மெத்தை தேய்ந்ததால் எலும்பு இப்படி ஆனதா, எலும்பு இப்படி ஆனதால் மெத்தை தேய்ந்ததா என்று கேட்டால் எங்களுக்கே இன்னும் சரியாகத் தெரியாது என்றும் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றவர் என்பதாலேயே கமலவேணிக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ரத்தினசாமி சிரித்தார். "நான் மூட்டை தூக்கறேன்னு அதுங்க பாவம் முட்டுக் குடுத்துக்கினே இருந்திருக்குதுங்க. போதும்னு சொல்ல ஆளில்ல" என்றார்.

இப்போது சுந்தரமூர்த்தி வெந்நீர் ஊற்றிப் பார்த்தார், விளக்கெண்ணெய் போட்டு நீவிப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து, மரச்சுத்தி ஒன்று கொண்டுவரச் சொன்னார். இரண்டு முழங்காலிலும் ஒவ்வொரு தட்டு, விட்டுவிடும் என்றார். யாரும் திடுக்கிடவில்லை. முன்னாலும் சிலருக்கு அப்படிச் செய்ததுண்டுதான். மகன் சம்பத் அம்மாவைப் பார்த்தான், பெரியப்பாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அந்த வீட்டில் பெரியப்பாவை எதிர்த்துப் பேசியவர்கள் கிடையாது.

சுத்தி வந்தது. கமலவேணி பெண்கள் நடுவிலிருந்து எழுந்துவந்து கணவன் காலருகே உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் இரண்டு உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். ஒப்பாரி அப்படியே நின்றுபோயிற்று.

"எழுந்திரும்மா."

"மாட்டேன் மாமா."

"செத்த ஒடம்புக்கு இன்னா வலி? எந்தம்பி சிவன்கிட்ட நொண்டியாவா போவணும்?"

"நொண்டியாத்தான் இருந்தாரு. ஒடைச்சு அனுப்பினா நல்ல காலா ஆயிடுமா? அன்னிக்கு நீங்கதான் தோளைப் புடிச்சுக்கினீங்க. இன்னொரு தபா வேணாம்."

மூத்தாரிடம் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. சுந்தரமூர்த்தியின் முகம் கறுத்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் கல்நெஞ்சுக்காரர் அல்ல. அப்பா இல்லாத வீட்டில் தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். முறைப்படி உட்காராத தம்பியை மேலே வாசலிலேயே நிறுத்திவிடுவார்களோ என்று அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

அந்த நேரம் சடங்கு செய்ய ஜங்கமர் வந்து சேர்ந்தார். அவர் உட்காரும் முன்னாலேயே கமலவேணி கேட்டுவிட்டாள்.

"ஐயா, உக்காரணும்னுதானே இருக்குது? காலை நீட்டிக்கினு உக்காந்தா, உக்காந்ததா ஆவாதா?"

ஜங்கமர் பிணத்தையும் சுத்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லிங்கம் கையில இருக்கணும். முதுகு நிமிந்திருக்கணும். காலைப் பத்தி எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல" என்றார்.

குழியைச் சதுரமாக வெட்டியாகிவிட்டதே என்று பங்காளிகள் முணுமுணுத்தார்கள். கமலவேணி தலையைத் தூக்கவில்லை. "நீளமா வெட்டச் சொல்லுங்க. குதிகாலு இடிக்கக் கூடாது" என்றாள். சுந்தரமூர்த்தி சுத்தியைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். என்ன செய்யப்போகிறாரோ என்று சம்பத் பின்னாலேயே ஓடினான்.

கமலவேணி கையை எடுக்கவில்லை. அவர் இன்னும் நாலு பேரோடு திரும்பிவந்து சுத்தியைக் கையில் எடுத்தால் அவளால் என்ன செய்ய முடியும்? உள்ளங்கைக்கு அடியில் முழங்கால் சில்லிட்டுக்கொண்டு வந்தது. ஓரத்தில் புடைத்திருந்த எலும்பு முட்கள் விரலில் தட்டின. இத்தனை வருஷம் போதும் என்று சொல்ல ஆளில்லாமல் செய்த வேலையை அந்தக் கட்டுகிற உயிரணுக்கள் இன்றைக்குத்தான் நிறுத்தியிருக்கும் என்று தோன்றியது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முகத்தைத் துடைக்கக் கை இல்லாமல் தோளில் துடைத்துக்கொண்டு அழுதாள்.

உச்சி சாய்ந்த பிறகு சம்பத் மட்டும் முதலில் வந்தான். அம்மாவின் பக்கத்தில் குந்தி, மெதுவாகச் சொன்னான்.

"பெரியப்பா குழியில எறங்கிட்டாரும்மா. உசிரோட இருக்கறவங்க எறங்கக் கூடாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. கேக்கல. அவனும் நானும் ஒரே ஒசரம்னு சொல்லிட்டு, காலை நீட்டி உக்காந்து பாத்தாரு. மொதல்ல குதிகாலு இடிச்சுது. இன்னும் வெட்டச் சொல்லி மறுபடி உக்காந்தாரு."

வெளியே, அவரை உட்காரவைத்துத் தூக்கிப்போகிற நாற்காலிக்கு முன்னால் கால் நீட்டிவைக்க ஒரு பலகையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சுந்தரமூர்த்தி உள்ளே வந்தார். வேட்டியின் பின்புறம் முழுக்க ஆற்றங்கரை ஈரமண் அப்பியிருந்தது. அவர் கமலவேணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எடம் போதும்" என்றார்.

கமலவேணி முழங்காலிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவருக்கு வழிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.