முப்பத்தொன்றாம் நம்பர்

உறையைப் பிரிக்காமலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று வெர்லீனுக்குத் தெரிந்துவிட்டது. மூலையில் மாவட்டக் கோர்ட்டின் முத்திரை. ஏழு வருடத்துக்கு முன்னால் வந்ததும் இதே பழுப்பு உறைதான். சட்டென்று அதைச் சோளமாவு டப்பாவுக்கு அடியில் செருகினாள். பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கார்னெல் மல்லாந்து படுத்திருந்தான். வெளியே தெரிந்தவை இரண்டு நீளக் கால்கள் மட்டும். பக்கத்து வீட்டு ஐடெல்லாவின் மகன். ஜெயிலிலிருந்து வந்து ஆறு மாதமாகிறது. குழாய் ஒழுகுகிறது என்று இவள் யாரிடமும் சொல்லவில்லை. அவனே சொட்டும் சத்தத்தைக் கேட்டு ரெஞ்சோடு வாசலில் வந்து நின்றான். போன வாரம் கூரைத் தகரம், அதற்கு முந்தின வாரம் கார் பேட்டரி. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாயே வருவதில்லை. அவன் ஒவ்வொன்றாகச் சரி செய்துகொடுக்கக் கொடுக்க அவளுக்குச் சோறு இறங்காமல் போனது.

கொசுவலைக் கதவை இடுப்பால் இடித்துத் திறந்துகொண்டு ஐடெல்லா வந்தாள். இடது கையில் மூடிய தட்டு. வலது கை சும்மா தொங்கியது. கெளுத்தி மீன் ஆலையில் இருபத்திரண்டு வருடம் மீனின் முதுகெலும்பை ஒட்டிக் கத்தி ஓட்டிய கை அது. இப்போது விரல்கள் மடங்குவதில்லை. ஆலை அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

"இந்தாடி, கீரையும் பன்னிக் கழுத்தெலும்பும். ஒத்தக் கைச் சமையல், உப்புக் கூடக் குறைய இருந்தா மூடிக்கிட்டுத் தின்னு." தட்டை வைத்தவள் நின்றாள். "அது என்னடி, உன் மாவு டப்பாவுக்கு நாக்கு முளைச்சிருக்கு?"

வெர்லீன் கை நீட்டுவதற்குள் ஐடெல்லா உறையை உருவிவிட்டாள்.

"ஜூரிக்கா கூப்பிட்டிருக்கான்?"

"திங்கக்கிழமையாம். போக முடியுமான்னு தெரியல. ஏற்கெனவே எட்டுப் புள்ளி ஏறிக் கிடக்கு."

ஆலையில் ஒரு நாள் வராவிட்டால் ஒரு புள்ளி. ஒரே வருடத்தில் பத்துப் புள்ளி சேர்ந்தால் வேலை போயிற்று. கோர்ட் சீட்டைக் கொண்டுவந்து காட்டினால் புள்ளியை அழிப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படி அழித்ததை இவர்கள் யாரும் பார்த்ததில்லை. மிசிசிப்பியில் வாக்காளர் பட்டியலிலிருந்துதான் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் ஜூரிக்கு ஆள் பொறுக்குவார்கள் என்பது மட்டும் மீன் வரிசையில் நிற்கும் அத்தனை பெண்களுக்கும் தெரியும். அதனால் பாதிப் பேர் பட்டியலில் பெயரே எழுதுவதில்லை. ஓட்டும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம் என்று இருந்துவிடுவார்கள். ஐடெல்லாவும் அப்படி இருந்தவள்தான். மகனுக்குத் தண்டனை விழுந்த மறுவாரம் போய் எழுதிவிட்டு வந்தாள்.

வெர்லீன் பெயர் பதினெட்டு வயதிலிருந்து பட்டியலில் இருக்கிறது. அவள் அப்பா கறுப்பராக இருந்துகொண்டு அதில் பெயர் எழுதப் போன ஒரே குற்றத்துக்காகப் பருத்திப் பண்ணை வீட்டிலிருந்து சாமான்களோடு சாலையில் தூக்கி எறியப்பட்டவர். எழுதாமல் இருக்க அவளால் முடியவில்லை.

"புள்ளியாவது மயிராவது! போய் உக்காருடி," என்றாள் ஐடெல்லா. "ரொசெட்டா மவன் கேஸாத்தான் இருக்கும். நானும் வருவேன். நம்ம தெருப் புள்ளைங்க எவன் கேஸ் வந்தாலும் போய்ப் பின்னாடி உக்காந்துருவேன், தெரியும்ல? என் புள்ளைக்கு ஆள் பொறுக்கின காலைல நான் மீன் அறுத்துட்டு நின்னேன். நூத்துக்கு எழுபது பேர் நாம இருக்கற ஊரு. பன்னெண்டு பேர்ல பதினோரு பேர் வெள்ளை."

"விடு, ஐடெல்லா."

"எதை விட? வக்கீல் எங்கிட்ட அப்பவே சொன்னான். நம்ம பொம்பளை ஒருத்தி எழுந்து நின்னு, 'என்னால நியாயமாப் பாக்க முடியாது'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாளாம். பேரு அவனுக்கு ஞாபகமில்லயாம், படுபாவி. பன்னெண்டும் ஒரே வார்த்தை சொன்னாத்தான் தண்டனை. ஒருத்தி, ஒரே ஒருத்தி, மாட்டேன்னு குந்தியிருந்தாப் போதும். அவ யாருன்னு மட்டும் தெரியட்டும், இந்த மூடாத கையாலயே அறையுறேன்."

தொட்டிக்கு அடியில் ரெஞ்சு தரையில் விழுந்தது.

"அம்மா," என்றான் கார்னெல் உள்ளேயிருந்து. "கத்தினது போதும். வீட்ல போய் என் டார்ச்ச எடுத்துட்டு வா."

ஐடெல்லா முணுமுணுத்துக்கொண்டே போனாள். வெர்லீன் தட்டின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள்.

கார்னெல் கேஸுக்கு ஆள் பொறுக்கிய அன்று விடியற்காலை ஷிப்டிலிருந்து நேராகக் கோர்ட்டுக்குப் போயிருந்தாள். ஆலையில் கொடுத்த வெள்ளை ரப்பர் பூட்ஸைக்கூட மாற்றவில்லை. மேலாளர் பத்து மணிக்குள் திரும்பச் சொல்லியிருந்தார். அப்போது அவளுக்கு ஒன்பது புள்ளி. வீட்டில் கணவன் லூத்தர் வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் படுத்துக் கிடந்தான். வேலை போனால் காப்பீடு போகும், காப்பீடு போனால் லூத்தர் போவான். முன் மேசையில் உட்கார்ந்திருந்த கார்னெலின் கழுத்தில் லூத்தரின் நீல டை. ஐடெல்லா கேட்டாள் என்று இவள்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள். இருபத்து நான்கு வயது. மீன் பிடிக்கும் படகுக்கு ஒரு மோட்டார் வாங்கியிருந்தான். அது திருட்டு மோட்டார்.

யாருக்காவது நியாயமாகப் பார்க்க முடியாது என்று தோன்றுகிறதா என்று நீதிபதி கேட்டார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதே முக்கால். வெர்லீன் எழுந்தாள்.

"என்னால முடியாதுங்க. அவன் செஞ்சிருப்பான்னே மனசுல பட்டுப்போச்சு."

அப்படி அவள் மனதில் எதுவும் படவில்லை. உண்மையில் அவன் அறியாமல் வாங்கியிருப்பான் என்றுதான் நினைத்தாள். நீதிபதி, "உங்க நேர்மைக்கு நன்றிம்மா," என்று சொல்லி அனுப்பினார். பத்து மணி அடிக்கும்போது அவள் மீன் வரிசையில் நின்றாள். மதியத்துக்கு மேல்தான் லீவு கிடைத்த ஐடெல்லா பக்கத்தில் கத்தியோடு நின்று, "என்னடி ஆச்சு?" என்று கேட்டாள். "வேணாம்னு அனுப்பிட்டாங்க," என்றாள் வெர்லீன்.

மோட்டாரைத் திருடி விற்ற வெள்ளைக்காரப் பையன், அடுத்தவர் இடத்தில் அத்துமீறி நுழைந்ததாக மட்டும் ஒப்புக்கொண்டு, பூங்காவில் நாற்பது மணி நேரம் புல் வெட்டிவிட்டு வீட்டுக்குப் போனான். வாங்கிய கார்னெலுக்கு எட்டு வருடம்; ஆறரை வருடத்தில் விட்டார்கள். லூத்தர் எப்படியும் இரண்டாவது வருடமே செத்துப்போனான்.

கார்னெல் தொட்டிக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்து, தரையிலேயே உட்கார்ந்து கையைத் துடைத்தான். டார்ச் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது.

"கார்னெல்... அன்னிக்குக் காலைல..."

"தெரியும் அத்தே. நானும் அங்கதானே இருந்தேன்."

"உங்கம்மாகிட்ட ஏன் நீ சொல்லல?"

"சொல்லி? மாசம் ஒரு தடவை அம்மாவ ஜெயிலுக்குக் கூட்டிட்டு வந்தது யாரு? நூத்தி இருபது மைல், உங்க வண்டி. சொல்லியிருந்தா அம்மா அதுல ஏறியிருக்குமா? எனக்கு அம்மாவப் பாக்கணும். அதான் சொல்லல." துணியை மடித்தான். "நீங்க அந்த வெள்ளை பூட்ஸோட உள்ள வந்தீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுது, இருக்க வரலன்னு."

வெர்லீன் நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்னை மன்னிச்..."

"அதெல்லாம் கேக்காதீங்க அத்தே. எங்கிட்ட அது இருக்கா இல்லையான்னு நானே இன்னும் தேடிப் பாக்கல." எழுந்து குழாயைத் திறந்து மூடினான். சொட்டவில்லை. "இந்த நவம்பர்ல தெருவே ஓட்டுப் போடப் போவும். நான் ஆளுங்கள வண்டில கொண்டுபோய் எறக்கிட்டு வாசல்லயே நிப்பேன். அந்த மோட்டாரத் திருடினவன் உள்ள போய்ப் போட்டுட்டு வருவான். அந்தத் தண்டனையோட போன ஓட்டு எனக்குத் திரும்பக் கெடைக்கணும்னா சட்டசபைல என் ஒருத்தன் பேருக்குத் தனியாச் சட்டம் போடணுமாம். போதை வித்தவன் போடலாம், திருட்டு மோட்டார் வாங்கினவன் போடக்கூடாது. எந்தக் குத்தத்துல நம்மாளுங்க மாட்டுவாங்கன்னு கொள்ளுத்தாத்தா காலத்துலயே வெள்ளைக்காரன் உக்காந்து பொறுக்கி எழுதி வெச்சிருக்கான். ஓட்டு இல்லன்னா ஜூரியும் இல்ல. ரொசெட்டா மவனுக்காக என்னால அங்க உக்கார முடியாது. உங்களால முடியும்."

வாசலில் ஐடெல்லாவின் குரல்: "டார்ச்ச எங்கடா வெச்சுத் தொலைச்சே? வீட்டையே கவுத்துட்டேன்!"

"அம்மாகிட்ட நானே சொல்லிடறேன்," என்றாள் வெர்லீன், தாழ்ந்த குரலில். "திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடறேன்."

"இந்தத் தடவை பூட்ஸ மாத்திட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று இருந்தாள். அன்று ஐடெல்லாவுக்குக் கை வலி. ஞாயிறு சர்ச்சில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தை ஐடெல்லாவுக்காக இவள்தான் புரட்டினாள். அப்போதும் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை சர்ச்சுக்குப் போடும் கறுப்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு, மூன்று முறை கையை எலுமிச்சை தேய்த்துக் கழுவிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள். முப்பத்தொன்று என்று எண் எழுதிய அட்டையைச் சட்டையில் குத்தினார்கள். கடைப் பணப்பெட்டியை உடைத்ததாக ரொசெட்டாவின் மகன் முன்னால் உட்கார்ந்திருந்தான். பின் வரிசையில் அவன் அம்மாவும் இன்னும் நாலைந்து பேரும். சுவரோரமாக, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஐடெல்லா. வெர்லீனைப் பார்த்து விரல் மடங்காத கையை ஆட்டினாள்.

நீதிபதி அன்று இருந்தவரேதான். அரசு வக்கீல் மட்டும் புதியவர், சின்ன வயது, மரியாதையான பேச்சு. எல்லோரையும் கேட்டுக்கொண்டே வந்தவர் ஒரு தாளைப் புரட்டிப் பார்த்து நின்றார்.

"முப்பத்தொண்ணு. உங்களை ஏழு வருஷத்துக்கு முன்னாடி இதே கோர்ட்டுக்குக் கூப்பிட்டிருந்தாங்க, சரியாம்மா?"

"ஆமாங்க."

"திருட்டு மோட்டார் கேஸ். அன்னிக்கு நீங்க, நியாயமாப் பாக்க முடியாது, அவன் செஞ்சிருப்பான்னு மனசுல பட்டுடுச்சுன்னு சொல்லியிருக்கீங்க. எங்க ஆபீஸ் குறிப்புல இருக்கு. ஞாபகம் இருக்கா?"

வெர்லீன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பின்னால் கைப்பை தரையில் விழுந்த சத்தம் கேட்டது. யாரும் அதை எடுக்கவில்லை.

"ஞாபகம் இல்லாத நாளே இல்லைங்க," என்றாள். "அது பொய். வேலைக்குப் போறதுக்காகச் சொன்னேன். அந்தப் பையன் தப்புப் பண்ணலன்னுதான் நான் நெனச்சேன்."

"இப்ப உங்களால நியாயமாப் பாக்க முடியுமா?"

"முடியும்."

"அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யான்னு கோர்ட் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

பதிலுக்குக் காத்திராமல் வக்கீல் நன்றி சொல்லிவிட்டு முப்பத்திரண்டுக்குப் போனார்.

இரு பக்க வக்கீல்களும் வேண்டாதவர்களைக் கழிக்கும் பேச்சு நீதிபதியின் மேசையருகே தணிந்த குரலில் நடந்தது. சின்னக் கோர்ட், காதில் விழாத மூலை இல்லை. அரசு வக்கீல் கழித்த ஏழு பேரும் கறுப்பர்கள், நிறம் பார்த்துக் கழிப்பது சட்டப்படி செல்லாது என்று பையனின் வக்கீல் ஆட்சேபித்தார். நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் அரசு வக்கீல். ஒவ்வொருவருக்கும் காரணம் வைத்திருந்தார். ஒருத்தி சூயிங்கம் மென்றாள். ஒருவர் பையனின் தெரு. ஒருத்தி களைப்பாகத் தெரிந்தாள். "முப்பத்தொண்ணு, நியாயமாப் பாக்க முடியாதுன்னு இதே கோர்ட்ல அவங்க வாயாலயே சொன்னவங்க."

"ஏத்துக்கறேன்," என்றார் நீதிபதி.

பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். பதினோரு பேர் வெள்ளை.

கோர்ட் காவலர் வெர்லீனிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார். விடுவித்த நேரம் பதினொன்று இருபது என்று போட்டிருந்தது. "ஓடினா மீதி ஷிப்டைப் பிடிச்சிரலாம்மா. புள்ளி விழாது."

"இங்க யார் வேணா உக்காரலாமா?"

"பொதுக் கோர்ட்தானே."

அவள் பின்வரிசைக்கு நடந்தாள். செருப்புச் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. ஐடெல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஐடெல்லா குனிந்து, கீழே கிடந்த பையை இடது கையால் எடுத்து, அந்த இடத்தில் வைத்தாள். முகத்தைத் திருப்பவில்லை.

வெர்லீன் பைக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்தாள். அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. அறை விழவில்லை.

சாட்சிகள் வந்தார்கள், போனார்கள். ஜூரிப் பெட்டிக்குள் இருந்தவர்களில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அவ்வப்போது பின்வரிசையைப் பார்த்தார். அவர் பார்த்தபோதெல்லாம் வெர்லீன் பார்வையைத் தாழ்த்தாமல் இருந்தாள். மணி பன்னிரண்டைத் தாண்டியது. ஆலையில் அவள் பெயருக்கு நேரே இந்நேரம் ஒன்பதாவது புள்ளி விழுந்திருக்கும். வழக்கு நாளைக்கும் நடக்கும் என்று நீதிபதி சொல்லியிருந்தார்; நாளையும் வந்தால் பத்து.

சாப்பாட்டு இடைவேளைக்கு எல்லோரும் எழுந்தபோது ஐடெல்லா எழவில்லை. முன்னால் பார்த்தபடியே கேட்டாள்:

"நூத்தி இருபது மைல். ஆறு வருஷம். வண்டில உக்காந்து அந்த ஒருத்தியத் திட்டிட்டே வந்தேனே. எப்படிடி ஓட்டினே?"

"தெரியல."

"நாளைக்கு?" என்றாள் ஐடெல்லா.

"வருவேன்."

ஐடெல்லா இருவருக்கும் நடுவிலிருந்து பையை எடுக்கவில்லை.