கீழே இருப்பவள் மூத்தவள்

"உங்க கடப்பாரை என் அடுப்புல வந்து விழுந்திருக்கு. மிளகுக் குழம்பு பூரா மண்ணு. காலையில இருந்து கத்துறேன், மேல ஒருத்தருக்கும் காது கேக்கல. ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தோண்டுனா என்ன, வாய் வலிக்குமா?"

குழிக்குள் இருந்து இப்படிக் கத்தியவள் சாத்தி. ஜெசிந்தா தன் வீட்டுப் பின்பக்கத்தில் தண்ணீர்த் தொட்டிக்காகத் தோண்டிய குழியின் அடியில் அவள் வீடு இருந்தது. கடப்பாரை கூரை ஓட்டை உடைத்துக்கொண்டு நேராக அடுப்பங்கரைக்குள் இறங்கியிருந்தது. சாத்தி ஒரு கையில் கரண்டியும் மறு கையில் அந்தக் கடப்பாரையுமாக அண்ணாந்து நின்றாள்.

"நாங்க எங்க இடத்துலதான் தோண்டுறோம்" என்றாள் ஜெசிந்தா.

"உங்க இடம் உங்க காலுக்கு மேல. காலுக்குக் கீழ எங்க இடம். இதுகூடத் தெரியாம என்ன குடித்தனம் பண்றீங்க?"

மதுரையை விட்டுச் சற்று வெளியே, பாரிஜாதம் நகரில் எந்த வீட்டில் தோண்டினாலும் கீழே யாராவது குடியிருப்பார்கள். எதிர்வீட்டில் கார் நிறுத்தக் கொட்டகை போடத் தோண்டியபோது அடியிலிருந்து ஒரு முத்து வியாபாரி ஏறி வந்து, சத்தத்தில் மத்தியானத் தூக்கம் கெட்டுப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இதெல்லாம் ஊரில் நடப்பதுதான். ஜெசிந்தாவுக்கு எரிச்சல் வந்தது வேறொரு காரணத்தால். கீழே ஆள் இருந்தால் தொல்லியல் துறை வந்து வேலையை நிறுத்திவிடும். வேலை நின்றால் தொட்டி வராது. தொட்டி வராவிட்டால் இந்த ஜன்மம் முழுவதும் அவள் செலஸ்டின் அக்காவின் மிச்சத் தண்ணீரில்தான் சோறு வடிக்க வேண்டும்.

செலஸ்டின் அக்கா மாடியில் இருப்பவள், ஜெசிந்தாவின் கணவர் அருளப்பனுடைய அண்ணன் மனைவி. வீட்டுக்கு ஒரே குழாய். நாலு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும். மூத்தவள் முதலில் பிடிப்பாள் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அக்காவின் டிரம், அக்காவின் அண்டா, அக்காவின் வாளிகள், பிறகு அக்காவின் செம்பருத்திச் செடிகள், அதன் பிறகு அக்கா மறந்துபோன ஒரு சொம்பு. இத்தனையும் நிறைந்து ஜெசிந்தாவின் முதல் குடத்தைக் குழாயடியில் வைக்கும்போது, குழாய் ஒரு ஏப்பம் விட்டு நின்றுபோகும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஜெசிந்தாவுக்குக் கேட்டுப் பழகியது அந்த ஏப்பம். கான்வென்டில் படித்தவள், வரலாற்றில் முதல் மதிப்பெண் வாங்கியவள், ஒரு குழாயின் ஏப்பத்துக்காகக் காத்து நிற்கிறாள். தனித் தொட்டி ஒன்று இருந்தால் லாரித் தண்ணீரையாவது ஊற்றி வைத்துக்கொள்ளலாம். அதற்குத்தான் இந்தக் குழி.

மாடிக் கைப்பிடியில் சாய்ந்து நின்ற செலஸ்டின் அக்கா, "பள்ளம் தோண்டுறவங்க பாத்துத் தோண்டணும் ஜெசி. அடுத்தவங்க குழம்புல மண்ணைப் போட்டா நம்ம குடும்பத்துக்குத்தானே கெட்ட பேரு?" என்றாள். முழங்கால் வலியால் அவள் மாடியை விட்டு இறங்குவதில்லை. நாக்கு மட்டும் தினமும் இறங்கி வரும்.

மறுநாள் தொல்லியல் ஆய்வாளர் திருமாறன் வந்தார். கையில் ஒரு மெல்லிய தூரிகை. குழிக்குள் ஏணி வைத்து இறங்கி, சாத்தியின் வாசற்படியைத் தூரிகையால் தட்டிவிட்டு, அனுமதி கேட்டு உள்ளே போனார். சாத்தி மோர் கொடுத்தாள்.

"குழம்புக்கு மிளகாய் போடுவீங்களாம்மா?"

"மிளகாயா? அது எந்த ஊருக் காயி?"

அவர் மோரை முழுவதும் குடித்துவிட்டு மேலே வந்தார். ஜெசிந்தாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மிளகாய் போர்த்துக்கீசியரோடு வந்தது என்று எட்டாம் வகுப்பில் சிஸ்டர் பெர்னதெத் ஸ்கேலால் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறார்.

"ரொம்பப் பழைய குடும்பம்" என்றார் திருமாறன். "எங்க கணக்கு சுலபம்மா. கீழ இருக்கிற அடுக்கு மூத்தது. மேல இருக்கிறது இளையது. இதுல விதிவிலக்கே கிடையாது."

ஜெசிந்தா உலர்த்திக்கொண்டிருந்த துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு அவர் அருகில் வந்தாள்.

"அப்ப இந்தத் தரையில குடியிருக்கிற நான்?"

"அவங்களுக்கு இளையவங்க."

"மாடியில இருக்கிறவங்க?"

"அவங்க உங்களுக்கும் இளையவங்க."

"சார், வயசானவங்க, காது கொஞ்சம் மந்தம். மாடிக்குக் கேக்கிற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க."

திருமாறன் கையைக் குவித்து, மாடியைப் பார்த்து, அட்சர சுத்தமாக இன்னொரு தடவை சொன்னார். செலஸ்டின் அக்கா கைப்பிடியை விட்டு நிமிர்ந்தாள். துறை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

அன்று மாலையிலிருந்து அவள் ஜெசிந்தாவை "ஜெசியக்கா" என்று கூப்பிட்டாள். அருளப்பன் தன் அண்ணனைத் "தம்பி" என்றார். அண்ணன் உடனே எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். தெருக்கோடியில் ஒரு நிச்சயதார்த்தத்தில் சந்தனக் கிண்ணம் முதலில் ஜெசிந்தாவிடம் வந்தது. அவள் வேண்டுமென்றே நிதானமாகத் தொட்டுக்கொண்டாள்.

தண்ணீர் நாள் வந்தது. ஜெசிந்தா தன் குடங்களை வரிசையாக வைத்தாள். முதல் தண்ணீர் எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியாது. முதலில் காற்று சீறியது, பிறகு துருப்பிடித்த சிவப்பில் கொஞ்சம் துப்பியது, அப்புறம் கண்ணாடி மாதிரி கொட்டியது. குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் மெல்ல மெல்ல ஏறுவதை அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மேலே செலஸ்டின், இல்லை, சின்னவள் செலஸ்டின், காலி வாளியோடு படிக்கட்டின் மேல்படியில் அடக்கமாக நின்றாள்.

"செடிக்குக் கொஞ்சம் வேணுங்க்கா."

"பாக்கலாம்" என்றாள் ஜெசிந்தா. இந்த ஒரு வார்த்தையை அவள் பல வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

அப்போது குழியின் விளிம்பில் ஒரு கறுப்புச் சிவப்புப் பானை எட்டிப் பார்த்தது. பின்னாலேயே சாத்தியின் தலை.

"மூத்தவளுக்குத்தான் முதல்லன்னு மேல பேசிக்கிறாங்க. அப்ப நான் யாரு?"

ரூல் என்றால் ரூல் என்று சொல்லித்தான் அவளை வளர்த்திருந்தார்கள். அவளே குழாயில் ரப்பர் குழாயை மாட்டிக் குழிக்குள் விட்டாள். சாத்தி வீட்டில் பானைகள் ஏராளம். எல்லாம் முதுமக்கள் தாழி அளவுக்கு வாய் அகலம். ஆனாலும் சாத்தி நியாயக்காரி. எல்லாம் நிறைந்ததும் குரல் கொடுத்துவிடுவாள். ஜெசிந்தாவுக்கு அதன் பிறகும் கொஞ்சம் கிடைத்தது. சின்னவளுக்குக் குழாயின் ஏப்பம் கிடைத்தது. ஜெசிந்தாவுக்கு அதுவே போதுமாயிருந்தது. தொட்டியைப் பற்றிய நினைப்புகூட விட்டுப்போயிற்று.

அடுத்த வாரம் செலஸ்டின் கணவரையும் கூட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினாள். இடுப்பில் ஒரு தலையணை, தோளில் ஜெபமாலை, கையில் மிக்ஸி. படிக்கட்டை முடித்து, பின்பக்கம் வந்து, ஏணியைப் பிடித்துக் குழிக்குள் கால் வைத்தாள்.

"முழங்கால் வலின்னு சொன்னியே?" என்றாள் ஜெசிந்தா.

"அது ஏறுறப்பத்தான் வலிக்குது. இறங்குறப்ப நல்லாத்தான் இருக்கு."

சாத்தியின் அடுப்பங்கரையைத் தாண்டி, அவள் நெற்குதிரைத் தாண்டி, செலஸ்டின் இறங்கிக்கொண்டே இருந்தாள். கொத்தனார் வேலாண்டியும் ஆட்களும் அவளுக்கு முன்னால் வெட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் மஞ்சளாக, கல்லும் ஓடும் எதுவுமில்லாத மண் வந்தது. திருமாறன் அதைத் தொட்டுப் பார்த்தார். இது கன்னிமண், இதற்குக் கீழே மனிதர் யாரும் இருந்ததில்லை, இனித் தோண்ட வேலையில்லை என்றார். செலஸ்டின் அதன் மேல் பாயை விரித்து உட்கார்ந்தாள்.

"அக்கா வந்தாச்சா? சாப்பிட்டீங்களா?" என்று சாத்தி மேலிருந்து குனிந்து கேட்டாள். அன்று மிளகுக் குழம்பு ஒரு கிண்ணம் கீழே போனது. மறுநாள் மிளகாய்த் துவையல் ஒரு கிண்ணம் மேலே வந்தது. அதற்கடுத்த நாள் சாத்தியின் அம்மிக்கடியில் மிளகாய் விதை இருப்பதைத் திருமாறன் கண்டெடுத்தார். போர்த்துக்கீசியர் நாம் நினைத்ததைவிட வெகு காலம் முன்பே வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று சொன்னார்.

தண்ணீர் இப்போது ரப்பர் குழாய் வழியே நேராகக் கன்னிமண்ணுக்குப் போனது. அங்கே தொட்டி கட்டத் தோதான பள்ளம் இருந்தது, ஜெசிந்தா தொட்டிக்கு என்று வாங்கி வைத்திருந்த சிமென்டும் இருந்தது. வேலாண்டி கட்டிக் கொடுத்தார். அது நிறைந்த பிறகு சாத்தியின் பானைகள். அதற்குள் குழாய் ஏப்பம் விட்டுவிடும்.

ஜெசிந்தா ஏணியில் கால் வைத்தாள்.

"நானும் கீழயே வந்துடுறேன் சார்."

"முடியாதும்மா" என்றார் திருமாறன். அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "மாடி காலியாயிடுச்சு. இப்ப இங்க எல்லாத்துக்கும் மேல இருக்கிறது நீங்கதான். உங்களை நாங்க மேல்மண்ணுன்னு சொல்வோம். மேல்மண் கீழ் அடுக்குல கலந்துட்டா காலக்கணக்கே கெட்டுப்போயிடும். நீங்க படிச்சவங்க, உங்களுக்குச் சொல்லணுமா?"

"மேல்மண்ணை என்ன பண்ணுவீங்க?"

"ஒரு ஓரமா எடுத்துப் போட்டுச் சலிப்போம். ஏதாவது முக்கியமானது இருந்தா எடுத்து வைப்போம்."

ரூல் என்றால் ரூல். ஜெசிந்தா புடவையைக் கொசுவிச் செருகிக்கொண்டு தயாரானாள். ஆட்கள் அவளையும், அவள் கேஸ் அடுப்பையும், அலமாரியையும், பேப்பர் படித்துக்கொண்டிருந்த அருளப்பனையும் மண்வெட்டியால் பக்குவமாக அள்ளிச் சட்டிகளில் வைத்து வெளியே கொண்டுபோனார்கள். தெருவோரத்தில் பெரிய சல்லடை கட்டியிருந்தது. எல்லாரையும் அதில் போட்டு ஆட்டினார்கள். அருளப்பன் ஓட்டை வழியே விழுந்து மண்ணோடு போனார், பேப்பரை மடிக்கவில்லை. சல்லடையில் சோடா மூடி ஒன்றும், உடைந்த வளையல் துண்டும், ஜெசிந்தாவும் நின்றார்கள். திருமாறன் வந்து தூரிகையால் அவள் முகத்தை லேசாகத் துடைத்துப் பார்த்தார்.

"சமீபத்தியது" என்றார்.

அவளை மண்குவியலின் உச்சியில் உட்கார வைத்தார்கள். தெருவில் அதுதான் உயரமான இடம். பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுமிகள் அண்ணாந்து பார்த்து, "பாப்பா, இறங்கி விழுந்துடாத" என்று அதட்டிவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு முத்து வியாபாரி, குழந்தைக்கு வெயில் படுகிறதே என்று ஒரு குடையை நட்டு வைத்தார்.

அங்கிருந்து குழி நன்றாகத் தெரிந்தது. அன்று தண்ணீர் நாள். அடியில் தொட்டி நிறையும் சத்தம் மெல்ல மெல்ல ஏறியது. செலஸ்டின் எதையோ சொல்ல, சாத்தி சிரித்தாள். செம்பருத்திச் செடிகளைக்கூடக் கீழே கொண்டுபோய் நட்டிருந்தார்கள்.

ஜெசிந்தா தன் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தாள்.

"அக்கா, சின்னவளுக்கு ஒரே ஒரு குடம் மேல அனுப்புங்களேன்."