சார்ஜன்ட்டின் ‘எல்லாம் சரி’

ராணுவத்தை விட்டு வந்து பல வருடங்கள் ஆகியும் தெருவில் அவருக்கு சார்ஜன்ட் என்றுதான் பெயர். ஊன ஓய்வூதியத்துக்கு அவர் போட்ட மனுவில் முதுகு பேரமே இல்லாமல் தேறிவிட்டது. முழங்கால் கொஞ்சம் இழுத்தடித்துத் தேறியது. தேறாமல் திரும்பி வந்த சரக்கு ஒன்றே ஒன்று. டாக்டர் அதை ‘விறைப்புக் குறைபாடு’ என்று எழுதியிருந்தார். சார்ஜன்ட் அதை ‘அந்த விஷயம்’ என்பார். அதையும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

அலுவலகம் மறுத்ததற்குக் காரணம் அவர் வாய்தான். லாரி கவிழ்ந்து முதுகுத்தண்டு நசுங்கி, ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து, கடைசியில் வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் ராணுவ மருத்துவர் ஒருவர் அவரைப் பரிசோதித்தார். மருத்துவர் மேஜர். சார்ஜன்ட் உள்ளாடையோடு விறைப்பாக நின்றார். பின்னால் அதே கோலத்தில் ஒரு வரிசையே நின்றது. “வேற ஏதாவது குறை இருக்கா?” என்று மேஜர் கேட்டார். “எல்லாம் சரி சார்” என்றார் சார்ஜன்ட்.

ராணுவத்தில் மேலதிகாரி எதைக் கேட்டாலும் பதில் அது ஒன்றுதான். சாப்பாட்டில் புழு நெளிந்தாலும், கூடாரத்துக்குள் மழை கொட்டினாலும், எல்லாம் சரி சார். மேஜர் அதை அப்படியே எழுதி வைத்தார். அப்போதே குறை இல்லை, ஆகவே இப்போது இருப்பது காயத்தால் வந்ததல்ல, வயதால் வந்தது என்று அலுவலகம் கதவைச் சாத்திவிட்டது.

சார்ஜன்ட்டுக்குக் கூடுதல் ஓய்வூதியத்தில் பெரிய ஆசை இல்லை. ‘இது காயத்தால் வந்தது’ என்ற ஒரு வரி வேண்டும், அவ்வளவுதான். முதுகுக்குப் பலகைதான் நல்லது என்று சொல்லி அவர் கூடத்துக்குப் படுக்கையை மாற்றிக்கொண்ட நாளிலிருந்து மனைவி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த மௌனத்தை அவர் தீர்ப்பு என்றே எடுத்துக்கொண்டார். அதை மாற்ற மேல்முறையீட்டைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

விசாரணை நாளன்று தாழ்வாரத்து பெஞ்சுகளில் முன்னாள் ராணுவத்தினர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் ஊன்றுகோல், ஒருவர் காதில் கருவி. எல்லாருக்கும் வெளியே காட்டக்கூடிய காயம். சார்ஜன்ட் தன் பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார்.

“பையில நகையா வெச்சிருக்கீங்க?” என்றாள் மனைவி. அவளுக்கு ஜவுளிக்கடையில் விற்பனை வேலை. நாள் முழுக்கத் துணியை விரித்துக் காட்டி, வாங்குகிறவர் யார், வேடிக்கை பார்க்கிறவர் யார் என்று முகத்தை வைத்தே பிரித்துவிடுவாள்.

“நீ எதுக்கும்மா வந்த? கடைக்கு லீவு வேற போட்டுட்டு.”

“வக்கீலம்மா வரச் சொன்னாங்க. நானும் சாட்சியாம். எந்தச் சம்பவத்துக்குன்னு கேட்டேன், சம்பவம் நடக்காததுக்குன்னாங்க.”

சார்ஜன்ட்டின் காது மடல் சிவந்தது. எதிர்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

வக்கீல் அவர் மகள் வயதுப் பெண். அதுவே அவருக்குப் பாதித் தண்டனை. “ஐயா, உள்ள போனதும் நேரா சொல்லிடுங்க. மென்னு முழுங்காதீங்க. வாய்ல சொல்லாத குறைக்கு யாராலயும் தீர்ப்பு குடுக்க முடியாது” என்று அவள் நாலு தடவை சொல்லியிருந்தாள். அவர் நாலு தடவையும் தலையாட்டியிருந்தார்.

உள்ளே நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். ஓரத்தில் ஒரு டாக்டர், மறு ஓரத்தில் கணக்கதிகாரி. நடுவில் தலைவர், ஓய்வு பெற்ற கர்னல். மீசை நரைத்திருந்தாலும் குரல் நரைக்கவில்லை.

“உக்காருங்க சார்ஜன்ட். சொல்லுங்க, உடம்பு எப்படி இருக்கு?”

குரலில் இருந்த அதட்டல் சார்ஜன்ட்டின் முழங்காலுக்குப் போய்ச் சேர்ந்தது. மூளையைக் கேட்காமல் உடம்பு எழுந்து நின்றது. குதிகால் இரண்டும் ஒட்டின.

“எல்லாம் சரி சார்.”

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டாள். கணக்கதிகாரி பேனாவைத் திறந்தார். “எல்லாம் சரின்னா, அப்புறம் மேல்முறையீடு எதுக்கு?”

சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள சார்ஜன்ட்டுக்கு நாக்கு புரளவில்லை. இத்தனை வருடம் காத்திருந்து வாங்க வந்த அந்த ஒரு வரியைத் தன் கையாலேயே கிழித்துப் போட்டுவிட்டோம் என்று நின்றார்.

“அவரு அப்படித்தான் சார் சொல்வாரு” என்றாள் மனைவி, கடைப்பையன் கணக்கைச் சொதப்பியதைப் பார்த்த எரிச்சலோடு. “முதுகுல ஆணி வெச்சிருக்கே, அது எப்படி இருக்குன்னு கேட்டுப் பாருங்க.”

வக்கீலின் கண் பட்டென்று திறந்தது. “ஆமாங்கய்யா, தயவுசெய்து கேளுங்க.”

கர்னல் புருவத்தை உயர்த்தினார். “முதுகு எப்படி இருக்கு சார்ஜன்ட்?”

“நல்லா இருக்கு சார்.”

“முழங்கால்?”

“பிரமாதம் சார்.”

டாக்டர் எதிரே கிடந்த எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முதுகுத்தண்டில் திருகாணிகள் வரிசையாகத் தெரிந்தன. “இந்த முதுகு நல்லா இருக்குன்னா என் முதுகை என்னன்னு சொல்றது?” என்றார்.

“இந்த ரெண்டையும் நீங்களே ஊனம்னு ஒத்துக்கிட்டீங்க” என்றாள் வக்கீல். “அன்னைக்கு மேஜர்கிட்ட சொன்ன ‘எல்லாம் சரி’யும் இதே ‘எல்லாம் சரி’தான்.”

“எங்க கடையிலயும் இப்படித்தான் சார்” என்றாள் மனைவி. “நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்றவங்க வாங்காம போயிடுவாங்க. குறை சொல்றவங்கதான் வாங்குவாங்க.”

கர்னல் மீசைக்குள் சிரித்தார். “முகாம் முகாமா போயி இந்தப் பதிலத்தான் வாங்கிட்டு வந்தேன். ஒரு இடத்துலயும் எல்லாம் சரியா இருந்ததில்ல.” பிறகு சிரிப்பை நிறுத்தினார். “ஆனா நீங்களா சொல்லணும் சார்ஜன்ட். உங்களுக்காக வேற யாரும் சொல்ல முடியாது.”

சார்ஜன்ட் வாயைத் திறந்தார். காற்று வந்தது. கர்னல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சார்ஜன்ட், இது உத்தரவு. குறை என்னன்னு அறிக்கை குடு.”

“எஸ் சார்.” சார்ஜன்ட் எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டார். இப்போது வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது. “லாரி கவிழ்ந்த நாள்லேர்ந்து இடுப்புக்குக் கீழ பாதி உணர்ச்சி இல்ல சார். தாம்பத்தியம் இல்ல சார். மாத்திரை சாப்பிட்டுப் பாத்தாச்சு, தலைவலிதான் வந்தது. மனசு இருக்கு சார். மனசுல ஒரு குறையும் இல்ல. உடம்புதான் ஆஜராக மாட்டேங்குது. அறிக்கை முடிஞ்சது சார்.”

மனைவி முந்தானை நுனியைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

முடிவெடுக்கும் வரை வெளியே இருக்கச் சொன்னார்கள். பெஞ்சில் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

“மனசு இருக்குன்னு முன்னப்பின்ன தெரியாத மூணு பேர்கிட்ட சொல்றீங்க” என்றாள் அவள், எதிரே பார்த்தபடி. “என்கிட்ட சொல்லல.”

“நீ கேக்கலையே.”

“கேட்டா எல்லாம் சரின்னு சொல்வீங்க. அதைக் கேட்டுட்டு நான் என்ன பண்றது?” குரல் கொஞ்சம் இறங்கியது. “உங்களுக்கு நான் அலுத்துப் போயிட்டேன்னு நெனச்சேன். மொதல்ல வேற எவளாவது இருப்பாளோன்னு ஒரு சந்தேகம். அப்புறம் உங்க மூஞ்சியப் பாத்தேன். அந்தச் சந்தேகம் போயிடுச்சு.”

சார்ஜன்ட் சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் முதுகு பிடித்துக்கொள்ள, அவள் தோளைப் பிடித்து நிமிர்ந்தார். பிடித்த கையை எடுக்க மறந்துவிட்டார். அவளும் ஞாபகப்படுத்தவில்லை.

கூப்பிட்டார்கள். கர்னல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பழைய பதிவை நம்புவதற்கில்லை; மனுதாரரின் குறைபாடு பணியில் ஏற்பட்ட முதுகுத்தண்டுக் காயத்தின் நேரடி விளைவு; மேல்முறையீடு ஏற்கப்படுகிறது.

“சார், அந்த நடு வரியை மட்டும் இன்னொரு தடவை” என்றாள் மனைவி. “அவருக்காகத்தான்.”

கர்னல் பழைய அணிவகுப்புக் குரலில் மறுபடி வாசித்தார், குறைபாட்டின் முழுப் பெயரோடு. வாசற்கதவு திறந்திருந்தது. சார்ஜன்ட்டுக்கு உயிர் போய் வந்தது. வந்தபோது ஏனோ லேசாக இருந்தது.

தாழ்வாரத்தில் அவர்களுக்குப் பேரமைதி காத்திருந்தது. ஊன்றுகோலும் காதுக்கருவியும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. படிக்கட்டு வரை போயிருப்பார்கள், ஊன்றுகோல் சத்தம் பின்னால் வந்தது.

“அண்ணே, ஒரு நிமிஷம். எனக்கில்ல, நமக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு. அந்த… அதுக்கெல்லாம் மனு போடலாமா?”

“போடலாம் தம்பி” என்றார் சார்ஜன்ட். குரலைத் தாழ்த்தவில்லை. “வக்கீலம்மா உள்ளதான் இருக்காங்க. போயி நேரா சொல்லச் சொல்லு.”

“தெரிஞ்சவரோட சம்சாரத்தையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க” என்றாள் மனைவி.