பதினான்கு இதழ் சாமந்தி

1

இந்தக் கதையில் உண்மை கொஞ்சம்தான். விஸ்கான்சினில் எங்கள் ஊர்ச் சந்தைக் கூடத்தில் அவ்வப்போது பழைய துப்பாக்கிகளை விற்பார்கள். நான் போனது வறுத்த பாலாடைக்கட்டி தின்பதற்காக. அங்கே ஒருவர் கண்ணில் உருப்பெருக்கி வில்லையை மாட்டிக்கொண்டு, ஜப்பானியத் துப்பாக்கி ஒன்றில் பொறித்திருந்த பூவின் இதழ்களை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். நான் பார்த்தது அவ்வளவே. மீதியெல்லாம் புளுகு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "யோகோஹாமா துறைமுகத்தில் குவிந்து கிடந்த துப்பாக்கிகளின் மேல் மழை

மழை என்ன செய்தது என்று தெரியவில்லை. அந்தத் துறைமுகத்தை நான் பார்த்ததே இல்லை. விட்டுவிட்டேன்.

2

வில்லைக்காரருக்கு வெண்டல் என்று பெயர் வைத்தேன். பழைய ராணுவத் துப்பாக்கிகளின் முத்திரைகளைப் பார்த்து ஊர், ஆலை, போர் எல்லாம் சொல்லிவிடுவார். (முதல் வரைவில் அவர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். அப்படிப்பட்டவரிடம் யார் வீட்டுத் துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டுவார்கள்? மாற்றிவிட்டேன்.)

அவரிடம் வந்தவர் ஆர்வில் ட்வெய்ட், பால்பண்ணைக்காரர். கூடவே மகள் மார்லிஸ். ஆர்வில் அதிகம் பேசாதவர், ஒரு கதையைத் தவிர. இரண்டாம் உலகப் போரில், பசிபிக் தீவொன்றில் ஜப்பானியச் சிப்பாய் ஒருவனை எதிரெதிரே நின்று சுட்டு, அவன் துப்பாக்கியைக் கொண்டுவந்த கதை. அதைக் கேட்டு வளர்ந்த மகன் லோவெல் பள்ளி முடித்த கையோடு வியட்நாம் போருக்குத் தானாகவே பெயர் கொடுத்தான். திரும்பி வரவில்லை. அதன் பிறகு ஆர்வில் அந்தக் கதையைச் சொல்வதில்லை. துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிப் பரணில் போட்டவர், இருபத்தைந்து வருடமாகப் பிரித்துப் பார்க்கவும் இல்லை.

3

"மான் சீசன்ல இதைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க? இதால சுட்டா மான் சிரிச்சுட்டுப் போயிடும்," என்றார் வெண்டல்.

"சுடறதுக்கு இல்லப்பா. முத்திரையப் பாத்து, அது என்ன சொல்லுதோ அதை என் பொண்ணுகிட்ட சொல்லு. நான் காப்பி வாங்கிட்டு வரேன்."

"எங்கப்பா ஓடறே? நீயே சொல்லித் தொலைக்கலாம்ல?" என்றாள் மார்லிஸ்.

வெண்டல் போர்வையை விலக்கினார். "இந்தப் பக்கம் ஆலை முத்திரை, நம்பர். மேல அவங்க பேரரசரோட சாமந்தி. ஜப்பான் சரணடைஞ்சப்புறம் ஒப்படைச்சதுல எல்லாம் இந்தப் பூவை அராவிட்டுத்தான் குடுத்தாங்க. பேரரசர் பூ எதிரி கைக்குப் போகக் கூடாதாம். பூ இருந்துச்சுன்னா, பெரும்பாலும் சண்டையில பிடிச்சது."*

"இதுல?"

"பூ இருக்கு."

காப்பிக்குக் கிளம்பியிருந்த ஆர்வில் நின்றார். "இருக்காது," என்றார்.

* விதிவிலக்குகள் உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

4

ஆர்வில் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை ஒளித்துவைத்து வித்தை காட்ட எனக்கு விருப்பமில்லை. அவர் எந்தத் தீவிலும் யாரையும் சுட்டதில்லை. போர் முடிந்த பிறகு ஜப்பானில் போய் இறங்கி, குவியலிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார். தன் பொய்யை நம்பித்தான் மகன் செத்தான் என்று மகளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பூ அராவிய வெற்றிடம் தனக்காகப் பேசிவிடும் என்று நம்பி வந்திருந்தார். பாவம், மனிதர் அதற்கே எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்.

வெண்டல் வில்லையை மாட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"நிஜப் பூவுக்குப் பதினாறு இதழ். இதுல பதினாலுதான் இருக்கு. அராவின பள்ளத்துல யாரோ பின்னால வெட்டியிருக்காங்க. நல்ல கைதான். ஆனா துப்பாக்கிக்காரன் கை இல்ல. பரிசுக் கோப்பையில பேர் வெட்டறவன் கை மாதிரி இருக்கு."

மார்லிஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக் காலத்தில் லோவெல் மாலை வேளைகளில் ஒரு கடையில் பௌலிங் போட்டிப் பரிசுக் கோப்பைகளில் பெயர் பொறித்துக்கொண்டிருந்தான்.

"பட்டாளத்துக்குப் பேர் குடுக்கறதுக்கு முன்னாடி இதைக் கடைக்கு எடுத்துட்டுப் போனான்ப்பா. எண்ணெய் போடப் போறேன்னு என்கிட்ட சொன்னான்."

ஆர்வில் பூவின் மேல் விரலை வைத்தார். எடுக்கவில்லை.

"அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சா? தெரிஞ்சுதான் போனானா?" என்று வெண்டலைக் கேட்டார்.

5

"தெரிஞ்சுதான்" என்று வெண்டலைச் சொல்லவைத்தேன். அப்படியானால் மகனைக் கொன்றது அந்தப் பொய் இல்லை. ஆனால் அப்பா புளுகர் என்று தெரிந்து, அது ஊருக்குத் தெரியாமல் ஒட்டுப்போட்டுவிட்டுத்தான் பையன் போயிருக்கிறான். அந்த வரியை அடித்தேன்.

பூ தேய்ந்துபோயிற்று என்று நினைத்து அப்பாவுக்காகப் புதிதாக வெட்டித் தந்தான் என்று எழுதினேன். அப்படியானால் அப்பாவின் கதையை ஒரு சொல் விடாமல் நம்பித்தான் போனான். அதையும் அடித்தேன்.

"இரும்பு அதைச் சொல்லாதுங்க" என்று எழுதியது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் கேட்டதும் ஆர்வில் துப்பாக்கியைப் போர்வையில் சுற்ற ஆரம்பித்தார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

[இங்கே ஒரு பத்தி இருந்தது.

ஆகவே ஆர்வில் இன்னும் மேஜைக்கு முன்னால்தான் நிற்கிறார். வெண்டலை நான் காப்பி குடிக்க அனுப்பிவிட்டேன். ஆர்விலுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பார்த்துச் சொல்லுங்கள். மார்லிஸும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.