கட்டைக்குப் பதில் ஒரு பொத்தான்

சலவைக்கூட முதலாளி பேனா மூடியைக் காதுக்குள் விட்டுக் குடைந்தார். கண்ணைச் செருகி, வாயைக் கோணி, அவசரமே இல்லாமல் குடைந்தார். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார், மேசை விளிம்பில் தேய்த்தார். பிறகு மூடியைப் பேனாவில் மாட்டி, "எழுதிக்குங்க தம்பி" என்று நீட்டினார். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவன் சட்டைப்பையில் சொந்தப் பேனா இருந்தது. இருந்தும் வாங்கிக்கொண்டான். கருமம், அதற்கு ஒரு புன்னகை வேறு.

வேறு என்ன செய்வான்? நல்ல வேலையை விட்டுவிட்டு, யாரிடமும் முதலீடு என்று கையேந்தாமல், படுக்கையறை மூலையில் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மேசை போட்டு ஒரு மென்பொருள் செய்திருந்தான். சலவைக்கூடங்களுக்கானது. எந்த மருத்துவமனையின் விரிப்பு எந்த இயந்திரத்தில் கிடக்கிறது, எந்த ஓட்டலின் துண்டு எந்த மூட்டையோடு கலந்துபோனது, எல்லாம் திரையில் தெரியும். மாதச் சந்தா கட்டினால் போதும். அருமையான சரக்கு, அதில் சந்தேகமில்லை. வாங்கத்தான் நாதியில்லை. இலவசமாகக் கொடுத்த நாட்களில் ஆஹா ஓஹோ என்றவர்கள், சந்தா என்ற சொல்லைக் கேட்டதும் போனை எடுப்பதையே விட்டார்கள். ஒருவர் எடுத்து, தான் செத்துப்போய்விட்டதாகத் தன் குரலிலேயே சொல்லிவிட்டு வைத்தார்.

மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தான். இந்த மாதம் முடிவதற்குள் காசு கட்டும் வாடிக்கையாளர் ஒருவராவது வராவிட்டால், எல்லாவற்றையும் மூட்டைகட்டிவிட்டு மச்சானின் கடைக்குப் போய்விடுவது. மனைவியின் அண்ணன் குளியலறைச் சாமான்கள் விற்கிறார். கண்ணாடி முகப்புக்குள் வரிசையாகக் கழிவறைத் தொட்டிகள். 'மாப்ள, இதுல உக்காந்து பாருங்க, சிம்மாசனம் மாதிரி இருக்கும்' என்று மூடியைத் திறந்து காட்டுகிற மனிதர். படித்த படிப்புக்குக் கக்கூஸ் விற்கப் போகமாட்டேன் என்று ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன் கத்தியிருந்தான். மறுநாளிலிருந்து அவளே போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, சலவைக்கூடம் சலவைக்கூடமாகக் கூப்பிட ஆரம்பித்தாள். இந்த முதலாளியைப் பிடித்ததும் அவள்தான்.

"துணி எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும் தம்பி" என்றார் முதலாளி. "ஆளுங்க எங்க போறாங்கன்னுதான் தெரியல."

எழுந்து கூடத்துக்கு அழைத்துப்போனார். வெளுப்பு மருந்தின் நெடி கண்ணைக் கரித்தது. நீராவிக்கு நடுவே பெண்கள் விரிப்புகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் இன்னும் துவைக்காத மருத்துவமனை மூட்டைகள் குவிந்து கிடந்தன, அவற்றில் என்னென்ன கறை என்று அவன் உற்றுப் பார்க்கவில்லை. கடைசியில் கழிவறைக் கதவு. கதவருகே ஆணியில் ஒரு கயிறு, கயிற்றில் உடைந்த துணிமாட்டியின் மரத்துண்டு. போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகவேண்டும். இருப்பது ஒரே கட்டை, ஆகவே ஒரு நேரத்தில் ஒருத்திதான். ஆணி காலியாக இருந்தால் மற்றவர்கள் இடத்தைவிட்டு நகரக்கூடாது. இத்தனை வருடமாக இதுதான் ஏற்பாடு.

"புடிச்சுப் பாருங்க" என்று முதலாளி கட்டையை அவன் கையில் வைத்தார். பிசுபிசுத்தது. எத்தனை கழுத்தின் வேர்வையோ, கறுத்து வழவழத்துப்போயிருந்தது. "நல்ல ஏற்பாடுதான். ஆனா கட்டைக்கு நேரம் பாக்கத் தெரியாதே. உள்ள போய் உக்காந்து கதை பேசுறாளுங்க."

"ஒருத்தர்தானே சார் போறாங்க? யார்கிட்ட பேசுவாங்க?"

"அதான் எனக்கும் புரியல" என்றார் அவர், நிஜமாகவே கவலையோடு.

அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். கதவருகே ஒரு டேப்லெட். போகும்போது தன் பெயரை அழுத்த வேண்டும், வந்ததும் மறுபடி அழுத்த வேண்டும். நான்கு நிமிடம் தாண்டினால் பெயர் சிவப்பாக மாறி, கூடம் முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம் வர வேண்டும். போனவளே வந்து அழுத்தினாலொழிய நிற்கக்கூடாது, இல்லாவிட்டால் ஒருத்திக்காக இன்னொருத்தி அழுத்திவிடுவாளாம். அதோடு மாதக் கடைசியில் மொத்தக் கணக்கு. இது வந்துவிட்டால் துணிக்கான மென்பொருளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவன் தலையாட்டினான். தலையாட்டியபடியே காற்சட்டையில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் விரலில் அந்த வாடை இருப்பதுபோலவே பட்டது.

முதல் வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் செய்து கொடு, கொள்கையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று எழுதுகிற ஆட்கள் இணையத்தில் கொட்டிக்கிடக்கிறார்கள். அவர்கள் எழுதியதையெல்லாம் மந்திரம்போலப் படித்திருந்தான். ஒரு பொத்தான்தானே என்று சொல்லிக்கொண்டான். கழுத்தில் கட்டையை மாட்டுவதற்கு இது எவ்வளவோ மேல், ஒருவகையில் நாகரிகம்கூட என்று சொல்லிக்கொண்டான். மனிதன் தனக்குத்தானே எவ்வளவு அழகாகப் பேசிக்கொள்கிறான்! ஆனால் மனைவியிடம் மட்டும் வருகைப் பதிவு என்று சொல்லி வைத்தான். கல்யாணத்துக்கு முந்தி அவள் ஒரு துணிக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்தவள். கல்யாணமான புதிதிலும் போய்வந்துகொண்டிருந்தாள். அங்கே அடக்கி அடக்கிச் சிறுநீரில் தொற்றாகி, காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொடுத்தவன் இவன்தான். அந்தக் கடைக்காரனை அன்று இவன் திட்டிய திட்டு பக்கத்து வீடுவரை கேட்டது.

செய்து முடித்துச் சோதித்துப் பார்க்கப் பெயர்கள் வேண்டியிருந்தன. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதற்கெல்லாம் யோசிக்கமாட்டார்கள், கைக்கு வந்த பெயரைப் போடுவார்கள். அவனும் மச்சான், மாமியார், வீட்டுக்காரர், குட்டிமா என்று போட்டான். குட்டிமா என்பது வீட்டுக்குள் அவளைக் கூப்பிடுகிற பெயர், நான்கு சுவருக்கு வெளியே அதை யாரும் கேட்டதில்லை. மச்சானைக் கழிவறைக்குள் அனுப்பிவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தான், அதில் ஒரு சின்ன சந்தோஷம். எச்சரிக்கைக்குத் தனியாக ஒரு சத்தம் தேடச் சோம்பலாக இருந்தது. புதுச் சந்தாதாரர் சேரும்போது ஒலிக்கட்டும் என்று ஆரம்பத்தில் ஆசையாசையாகத் தேர்ந்தெடுத்து, இதுவரை ஒருமுறையும் ஒலிக்காத 'டிங்' ஒன்று இருந்தது. சந்தா கட்டிய பிறகுதான் எச்சரிக்கை ஒலிக்கும்படி வைத்து, அதையே இதற்கும் மாட்டிவிட்டான்.

தொடக்க நாளன்று அவளும் கூட வந்தாள். நல்ல சட்டையைத் தேய்த்துக் கொடுத்து, தானும் இப்போது பார்க்கும் வேலைக்கு ஒருநாள் விடுப்புப் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் வாயெல்லாம் பல்லாக வந்தாள். பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது தன் பொறுப்பு என்றாள். "நம்ம மொத வாடிக்கைங்க. உங்க மூஞ்சி ஏன் இப்படி இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். தலைவலி என்றான்.

அவளைக் கூடத்தில் விட்டுவிட்டு, முதலாளியோடு கண்ணாடி அறைக்குள் போய்த் திரையைத் திறந்தான். சோதனைப் பெயர்களை எடுக்க மறந்திருந்தான். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"மச்சான், உள்ளே போனது காலையில. இன்னும் வரலையே தம்பி. செத்துகித்துப் போயிட்டாரா?" தொப்பை குலுங்கச் சிரித்தார். "குட்டிமா, பதினேழு நிமிஷம். யாருப்பா இந்தக் குட்டிமா? பதினேழு நிமிஷம் அப்படி என்ன பண்றா அவ? இவளையெல்லாம் மொத மாசமே அனுப்பிடணும்."

குட்டிமா என்கிற சொல் அந்த வாயிலிருந்து, அந்தப் பல்லிடுக்கிலிருந்து எச்சிலோடு வந்து விழுந்தது. அவனுக்கு எழுந்துபோய்விட வேண்டும் என்றுதான் தோன்றியது. "சும்மா சார், சோதனைக்குப் போட்ட பேரு" என்று சொல்லி, கூடவே சிரித்தான். சீ, தன் சிரிப்பு தன் காதுக்கே அவர் சிரிப்பைப் போலத்தான் கேட்டது. ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தான். மச்சான் போனார், மாமியார் போனார், வீட்டுக்காரர் போனார். அதற்குள் முதலாளி தன் போனை எடுத்துச் சந்தாவைக் கட்டிவிட்டார்.

டிங்.

இரண்டு வருடம் காத்திருந்த சத்தம். அது கேட்கும்போது அழுதுவிடுவோம், துள்ளிக் குதிப்போம் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தான். முதலாளி கை நீட்டினார், குலுக்கினான். குலுக்கிய கையோடு அவர் மேசை இழுப்பறையிலிருந்து அந்தக் கட்டையை எடுத்து அவனிடம் கொடுத்தார். "இனி இது எதுக்கு? நினைவா வச்சுக்குங்க." கயிற்றோடு வாங்கிக்கொண்டான். திரையில் மிச்சமிருந்த ஒரு பெயர் அவன் நினைவிலேயே இல்லை.

கண்ணாடி வழியே கூடம் தெரிந்தது. இயந்திரங்களின் இரைச்சலில் அங்கே பேசுவது எதுவும் கேட்காது. மனைவி கழிவறைக் கதவருகே டேப்லெட்டைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். பெண்கள் சுற்றி நின்றார்கள். உயரமான ஒருத்தி, இஸ்திரி போடுகிறவள், குறுக்கிட்டு ஏதோ கேட்டாள். மனைவி சிரித்துக்கொண்டே இல்லை இல்லை என்று கையாட்டினாள். உயரமானவள் கதவைக் காட்டினாள், தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள், நான்கு விரலை விரித்தாள். மனைவி டேப்லெட்டின் பக்கம் திரும்பிக் குனிந்து படித்தாள். வெகுநேரம் படித்தாள்.

பிறகு நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பான். பாத்திரம் கழுவும்போது கையில் வழவழவென்று ஏதோ பட்டுவிட்டால் அவள் முகம் ஒரு மாதிரி ஆகும், அந்த முகத்தோடு அவனைப் பார்த்தாள். டேப்லெட்டில் ஒரு இடத்தை அழுத்தினாள். கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள்.

திரையில் பெயர் ஒளிர்ந்தது. குட்டிமா, உள்ளே. நொடிகள் ஓட ஆரம்பித்தன.

"உங்க சோதனைப் பேருதானே இது?" என்றார் முதலாளி. "தானா ஓடுது பாருங்க. கோளாறா?"

"இல்ல சார். ஆள் உள்ள இருக்காங்க."

"எந்த ஆளு?"

முதலாளி கேட்டுவிட்டுக் காது குடைய ஆரம்பித்தார். இரண்டு நிமிடம் ஆனது. மூன்றும் ஆனது. வந்துவிடுவாள், கோபத்தில் போயிருக்கிறாள், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவாள் என்று மனதுக்குள் கெஞ்சினான். பெயர் சிவப்பானது.

டிங். கூடத்தின் ஒலிபெருக்கியில் அது எவ்வளவு பெரிதாக ஒலிக்கும் என்று அவன் வீட்டில் சோதித்துப் பார்த்ததில்லை. டிங், டிங் என்று விடாமல் அடித்தது. மடிப்பு மேசையில் கைகள் நின்றன. யாரோ ஒரு இயந்திரத்தை அணைத்தார்கள், அடுத்ததையும் அணைத்தார்கள். இரைச்சல் அடங்க அடங்கச் சத்தம் வளர்ந்தது.

"நிறுத்துங்க தம்பி அத. வேலை நிக்குது பாருங்க."

"நிறுத்த முடியாது சார். போனவங்களே வந்து அழுத்தணும். நீங்கதான் அப்படிக் கேட்டீங்க."

"அப்ப போய்க் கதவத் தட்டுங்க. யாராயிருந்தா என்ன, இழுத்து வெளிய விடுங்க."

அவன் எழுந்து கூடத்துக்குள் நடந்தான். பெண்கள் வழிவிட்டார்கள். ஒருத்தியும் கழிவறைக் கதவைப் பார்க்கவில்லை, எல்லாரும் அவன் கையைத்தான் பார்த்தார்கள். கட்டை கையிலேயே இருந்தது, கயிறு விரல்களில் சுற்றிக்கொண்டிருந்தது. கதவின் முன் நின்று தட்டக் கை ஓங்கினான். உள்ளே குழாய் திறந்திருந்தது, தண்ணீர் வாளியில் நிறைந்து வழிகிற ஓசை கேட்டது.

"குட்டிமா" என்றான் மெல்ல. பக்கத்தில் நின்ற உயரமானவள் திரும்பித் திரையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

ஓங்கிய கையைக் கீழே போட்டான். அந்தக் கட்டையை முதலில் எங்காவது தொலைத்தால் போதும் என்றிருந்தது. ஆணியில் மாட்டிவிடலாம் என்று சுவரைத் தடவினான். ஆணி இருந்த இடத்தில் டேப்லெட் இருந்தது, அதில் சிவப்பாக அவள் பெயர், கீழே ஓடிக்கொண்டிருக்கும் நொடிகள். கட்டை பிசுபிசுவென்று உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருக்க, அவன் தலைக்கு மேல் டிங் என்றது.